கோவணம் கட்டச் சொன்னது யார்?

நாட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பழங்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதே அதன் தொழில். “அந்தக் காலத்து உழவன் ஒரு முழக் கோவணத்தோடு எத்தனை நிம்மதியாக இருந்தான்! ஆசையும் குறைவு, செலவும் குறைவு. இன்றைக்குக் கூலிக்காரனும் பனியன் கேட்கிறான், ஜட்டி கேட்கிறான். காலம் கெட்டுப்போச்சு” என்று அது ஒப்பாரி வைக்கிறது. இதைக் கேட்டு நம்மில் சிலரும் தலையாட்டுகிறார்கள். “எளிமை நல்லதுதானே?” என்கிறார்கள்.

எளிமை நல்லதுதான். ஆனால் அந்த எளிமையைத் தேர்ந்தெடுத்தது யார்? கட்டியவனா, கட்டச் சொன்னவனா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். ஒப்பாரியின் சாயம் வெளுத்துவிடும்.

அரைத்துணியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று சில கனவான்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். உழைப்பவன் உடம்பில் ஒட்டிய துணியைப் பற்றி உழைப்பவன் பத்திரிகை எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

உள் எது, புறம் எது?

உள்ளாடை என்று சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் என்ன? வெளியே ஒரு துணி இருப்பவனுக்குத்தான் உள்ளே ஒரு துணி. ஒரே துணி உள்ளவனுக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை.

பண்ணையாரும் கோவணம் கட்டினார், பண்ணையாளும் கோவணம் கட்டினான். பண்ணையார் அதை வெள்ளி அரைஞாணில் கட்டி, அதன்மேல் எட்டு முழ வேட்டி உடுத்தி, தோளில் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டார். பண்ணையாள் கறுப்புக் கயிற்றில் கட்டினான், அதோடு சரி. ஒரே துணிதான். அங்கே அது உள்ளாடை. இங்கே அதுவே முழு உடை, கல்யாண உடை, கடைசியில் பிணத்தின் உடை. துணியில் வித்தியாசம் இல்லை. நிலம் யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இது வெயில் நாடு, அதனால்தான் கோவணம் என்று சிலர் விஞ்ஞானம் பேசுகிறார்கள். அன்றைய திருச்சி ஜில்லாவின் பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் தாலுகாக்களில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வெயில் ஜமீன் மாளிகைக்கு மட்டும் குளிர்ந்து அடித்ததா? வெயிலில் நின்றவனுக்குத் துணி இல்லை. நிழலில் உட்கார்ந்தவனுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, தோளில் ஒன்று. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்தில் கைத்தறியில் ஊராருக்குத் துணி நெய்தவனுடைய பிள்ளைகள் அம்மணமாகத் திரிந்ததும் வெயிலால்தானா?

அடுத்து சந்நியாசி வாதம். பழனி ஆண்டவரே கோவணாண்டிதான், பட்டினத்தாரும் கோவணம்தான் கட்டினார் என்கிறார்கள். சரி, பட்டினத்தார் பெரிய வணிகர் என்று கதை சொல்கிறது. இருந்ததை விட்டார், அதனால் துறவி. பண்ணையாள் எதை விட்டான்? அவனிடம் விடுவதற்கு என்ன இருந்தது? துறந்தவனுடைய கோவணமும் பறிக்கப்பட்டவனுடைய கோவணமும் ஒன்றாகுமா?

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி தம் சட்டையையும் நீண்ட வேட்டியையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஏழை உழவனைப் போலவே உடுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். காந்தி துணியைக் குறைத்தபோது உலகம் வணங்கியது. அதே தமிழ்நாட்டில் ஒரு பண்ணையாள் துணியைக் கூட்டியபோது என்ன நடந்தது? அதைத்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

மூடக்கூடாது என்று சட்டம்!

மனிதனுக்கு இயற்கையாகவே வெட்கம் உண்டு, மானம் காக்கத்தான் உள்ளாடையும் ரவிக்கையும் வந்தன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். மானம் இயற்கை என்றால், அதைக் காக்க முயன்ற பெண்களை அடித்தது யார்?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மூடக்கூடாது என்பது வழக்கம். மேல்சாதியார் முன்னே திறந்த மார்போடு நிற்பதே மரியாதை என்று அதற்குப் பெயர். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1812-இல் வெள்ளைக்காரத் திவான் மன்றோ உத்தரவிட்டார். பெண்கள் அணிந்தார்கள். 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் அவர்கள் தாக்கப்பட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது. 1829-இல் அரண்மனையே பிரகடனம் போட்டது: தோள்சீலை கூடாது! 1858-லும் 1859-லும் மறுபடி கலகம். வீடுகள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன. பெண்கள் பின்வாங்கவில்லை.

கடைசியில் 1859 ஜூலை 26-இல் மகாராஜா இறங்கிவந்தார். எப்படி இறங்கினார் தெரியுமா? குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மட்டும் மூடக்கூடாது! மூடுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். சமமாக மூடுவதில்தான் ஆட்சேபம். இதற்குப் பிறகும் துணியை மானத்தின் கதை என்பதா? இது அதிகாரத்தின் கதை.

1915-இல் அதே சமஸ்தானத்தின் கொல்லம் பக்கம் அய்யன்காளியின் அழைப்பைக் கேட்டுப் புலையர் பெண்கள் அடிமை அடையாளமான கல்மாலைகளை அறுத்தெறிந்து ரவிக்கை அணிந்தார்கள். 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாத்தில் அம்பேத்கர் தலித் பெண்களிடம் புடவையை மற்றவர்களைப்போலக் கணுக்கால் வரை உடுத்துங்கள் என்றார். ரவிக்கையின் ஒவ்வொரு அங்குலமும் இப்படித்தான் வந்தது. தையல்காரன் கொடுத்ததல்ல, போராடி வாங்கியது.

ராமநாதபுரம் சாசனம்

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதி நாட்டார்கள் கூடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் தமது புத்தகத்தில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் அணியக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது.

பனியன்! ஒரு முழத் துணியில் பின்னிய பனியனுக்குத் தடை! மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் நாசமாக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

ஒரு பனியனுக்காக ஊரைக் கொளுத்துவானேன்? விடை ஆறு மாதத்தில் வந்தது. 1931 ஜூனில் எட்டுத் தடை பதினொன்றாக வளர்ந்தது. அதை நிதானமாகப் படியுங்கள், தோழர்களே. முதல் தடை: துணி முழங்காலுக்குக் கீழே போகக்கூடாது. பிறகு வருகின்றன மற்றவை. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதார் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

பார்த்தீர்களா? துணியில் தொடங்கிக் கூலியில் முடிகிறது! முழங்காலுக்குக் கீழே துணி இறங்கினால் நாளைக்கு அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போவான், மறுநாள் குத்தகை கேட்பான், அதற்கடுத்த நாள் 4 அணா போதாது என்பான். மிராசுதாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கோவணத்தின் நீளம்தான் கூலியின் நீளம். அதனால்தான் அவன் நம்மைவிட அக்கறையாக நம் துணியை அளந்து பார்த்தான்.

திருமானூரில் கொள்ளிடக் கரையில் நின்றால் அக்கரையில் தஞ்சைச் சீமை தெரியும். அந்தச் சீமையின் கீழ்ப்பகுதியில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அங்கே தோளில் துண்டு போடக்கூடாது, ஆண்டையைக் கண்டால் அதை இடுப்பில் கட்ட வேண்டும். வேட்டி முழங்காலுக்கு மேலேதான். 1943-இல் அங்கே வந்த தென்கன்னடத்துத் தோழர் பி. சீனிவாசராவ் முதலானவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாக்கினார்கள். சங்கம் வந்த ஊரில் துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது. அது சிவப்புத் துண்டு. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துண்டு முதலில் ஏறியது, சட்டம் பிறகு வந்தது. இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் கொடுத்த நாகரிகமா?

“உள்ளாடையே வெள்ளைக்காரன் தந்த நாகரிகம்தானே?” என்று இன்னொரு குரல் கேட்கிறது. வெள்ளைக்கார நாட்டிலும் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே துணி இருந்ததில்லை. பிரெஞ்சு தேசத்தில் பிரபுக்கள் முழங்கால் வரை குலோத் என்ற பட்டுக் கால்சட்டை போட்டார்கள். அது இல்லாத உழைப்பாளிகளை ‘சான்குலோத்’, அதாவது குலோத் இல்லாதவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். நம் ஊரில் கோவணாண்டி என்று வைகிறார்களே, அதே வசைதான். 1789-இல் புரட்சி வெடித்தது. அந்தக் கோவணாண்டிகள் அரசனின் சிம்மாசனத்தைக் கவிழ்த்தார்கள். வசையே பட்டமாகிவிட்டது.

சீமாட்டிகள் திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த கச்சையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். குனிய முடியாது, மூச்சு வாங்க முடியாது. குனிந்து வேலை செய்யத் தேவையில்லாதவள் என்று ஊருக்குக் காட்டுவதே அந்தக் கச்சையின் பெருமை. நாற்று நடுகிறவள் அதைக் கட்டினால் ஒரு முடி நடமுடியுமா?

பனியன் பின்னும் யந்திரத்தின் பாட்டன், 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்த காலுறைத் தறி. அந்தத் தறியில் வேலை செய்தவர்களின் கூலியை முதலாளிகள் வெட்டினார்கள். 1811-இல் நாட்டிங்காம் பகுதித் தொழிலாளர் தறிகளை உடைத்தெறிந்தார்கள். 1812-இல் தறி உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. உள்ளாடைத் தொழிலின் வரலாற்றில் தூக்குக் கயிறும் ஒரு நூல்!

பிறகு யந்திர நூல் வந்தது, பருத்தித் துணி மலிந்தது. 1845-இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமையை எழுதியபோது, அவர்கள் உடம்பில் கம்பளியும் லினனும் மறைந்து பருத்தி மட்டுமே மிஞ்சியதைக் குறித்திருக்கிறார். அந்தக் குளிருக்குப் பருத்தி போதாது. ஆனாலும் மலிவு. ஏன் மலிவு? அமெரிக்காவில் அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் சங்கிலியில் கட்டிய கறுப்பின அடிமைகள். இடுப்பில் இழுபடும் எலாஸ்டிக் வந்ததே, அதற்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? மலேயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவன் யார்? கப்பலேறிப் போன நம் தமிழ்க் கூலி. தன் இடுப்பில் எலாஸ்டிக் காணாதவன் உலகத்தின் இடுப்புக்கு ரப்பர் கொடுத்தான்.

பனியன் என்ற சொல்லையே பாருங்கள். நம் நாட்டு வணிகர்களை ஐரோப்பியர் ‘பனியன்’ என்றார்கள். அந்தப் பெயர் ஒரு தொளதொளச் சட்டைக்குப் போய், கடைசியில் உள்சட்டையில் வந்து நின்றது. துணிக்கு வியாபாரியின் பெயர் நிலைத்தது. நெய்தவன் பெயர் எதிலும் இல்லை.

இன்று நிலைமை என்ன?

இன்று யாரும் நம் துணியை முழக்கோல் வைத்து அளக்கவில்லை. பனியனுக்குத் தடை இல்லை. பட்டாபட்டி டிராயரும் ஜட்டியும் பாடியும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சண்டை முடிந்துவிட்டதா? இல்லை. இடம் மாறியிருக்கிறது.

குன்னம், ஆலத்தூர், வேப்பந்தட்டை கரிசலில் விளையும் பருத்தியைப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை, நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். கிலோவுக்கு 77 ரூபாய். மூன்று கிலோ விதைப்பருத்தியை அரைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ பஞ்சு. ஒரு ஜட்டிக்கு 60 கிராம் பஞ்சு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதில் உள்ள பருத்தியின் விலை 14 ரூபாய். அதுவும் அறிவித்த விலை முழுதாகக் கிடைத்தால்! அந்த 14 ரூபாயில் விதை, உரம், மருந்து, உழவு எல்லாம் போக, மடி கட்டி வெயிலில் நாளெல்லாம் குனிந்து பறித்த பெண்ணுக்கு எத்தனை பைசா? கடையில் அந்த ஜட்டிக்கு நீங்கள் கொடுக்கும் விலை உங்களுக்கே தெரியும். நடுவில் இருப்பது எங்கே போகிறது?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியது. திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அந்த வரி வருவதற்கு முன்பே, ஆகஸ்ட் 19-இல், மத்திய சர்க்கார் வெளிநாட்டுப் பருத்தி மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியது. அந்தச் சலுகை ஆண்டு முடியும்வரை நீண்டது. மில் முதலாளிக்கு மலிவுப் பஞ்சு. பெரம்பலூர் விவசாயி அந்த மலிவோடு போட்டி போட வேண்டியிருந்தது. அமெரிக்க முதலாளியும் இந்திய முதலாளியும் மோதிக்கொண்டால் நசுங்குவது பருத்திக்காடும் தையல் மேஜையும்தான்.

மில்லுக்குள் வாருங்கள். வானம் பார்த்த கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்துப்போய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டிய திட்டத்துக்குச் ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்தார்கள். விடுதிக் கதவுக்கு வெளியே போக அனுமதி இல்லை. பாதியில் நின்றால் பணம் இல்லை. தாலியின் பெயரால் ஒரு புதிய பண்ணையடிமை! தையல் ஆலைகளில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு ஓய்வு கொடுக்காமல், பெயர்கூட எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து மிஷினில் உட்கார வைத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. உலகத்துப் பெண்களின் உள்ளாடையைத் தைக்கும் பெண்ணுக்குத் தன் துணியை மாற்ற ஐந்து நிமிஷம் இல்லை. அன்று மார்பை மூடாதே என்றவனுக்கும் இன்று எழுந்து போகாதே என்பவனுக்கும் என்ன வேறுபாடு? உன் உடம்பு எனக்குச் சொந்தம் என்பதுதான் இருவர் பேச்சும்.

நம் கேள்வி, நம் கோரிக்கை

ஆனால் உழைப்பாளி சும்மா இருந்ததில்லை. திருப்பூர் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் மேற்பார்வையாளனால் கொல்லப்பட்டார். பெண்களே முன்னின்று நடத்திய சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கம்பெனியையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. திண்டுக்கல்லில் முடிந்தது பெரம்பலூரில், அரியலூரில் முடியாதா?

அறிவித்த ஆதரவு விலையில் ஒரு பைசா குறையாமல் இந்தியப் பருத்திக் கழகம் நம் ஊர்ச் சந்தையில் பருத்தியைக் கொள்முதல் செய்யட்டும். பருத்தி பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி, அதுவும் சட்டக் கூலி வேண்டும். மில் விடுதியின் கதவு திறந்திருக்க வேண்டும், சங்கம் உள்ளே போக வேண்டும். வயல்காட்டிலும் ஆலையிலும் பெண்களுக்குக் கழிப்பிடமும் தண்ணீரும் ஓய்வும் உரிமையாக வேண்டும். இவை தர்மம் கேட்பதல்ல. 14 ரூபாய்ப் பருத்தியை உலகச் சரக்காக்கிய உழைப்பின் பங்கைக் கேட்பது.

கோவணம் நம் பண்பாடு என்று இனி யாராவது மேடையேறிப் பேசினால், அவரிடம் ஒன்று கேளுங்கள்: “ஐயா, பண்பாடு என்றால் உங்கள் தாத்தா ஏன் அதோடு நிற்கவில்லை?”

தோழர்களே! முழங்காலுக்குக் கீழே இறங்கிய வேட்டி தானாக இறங்கவில்லை. தோளில் ஏறிய துண்டு தானாக ஏறவில்லை. பாட்டிமார் போட்ட ரவிக்கைக்கு அடியும் உதையும் விலையாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் உடம்பை மீட்டார்கள். அந்த உடம்பின் உழைப்பை மீட்பது நம் வேலை. பருத்திக்காட்டுக் கூலியும் மில் கூலியும் ஒரே நூலின் இரண்டு முனைகள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சை எந்த முதலாளியாலும் அவிழ்க்க முடியாது!